அபராதச் சொல்

அப்பாவின் வலது உள்ளங்கையில் இருந்த சிவப்பு துடைக்கத் துடைக்கப் போகவில்லை. ஏதோ சாயம் என்றுதான் மகள் நினைத்தாள். துணியை மறுபடியும் வெந்நீரில் முக்கிப் பிழிந்து, மடங்கி விறைத்திருந்த விரல்களைச் சிரமப்பட்டு ஒவ்வொன்றாக விரித்து, கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். தோல் சுருண்டு துணியோடு வந்தது. வலிக்குமே என்று சட்டெனக் கையை இழுத்துக்கொண்டவள், இனி எது வலிக்கப்போகிறது என்று உறைத்ததும் துணியை வாளியில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இடது கையிலும் அதேதான். விரல்களுக்கு அடியில் குறுக்காக ஒரு பட்டை. உரசிக் கன்றி, நடுவில் தோல் உரிந்து.

நேற்று மாலை கம்பெனியிலிருந்து போனில் சொன்னது வேறு. பகல் சாப்பாடு முடிந்து மரத்தடியில் ஓய்வாக உட்கார்ந்திருந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார், கொஞ்சமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம் என்றார்கள். சொன்ன குரல் நடுங்கியது. நடுங்கியதால் அவள் நம்பினாள். அந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் அப்பாவின் மூக்குக்கண்ணாடியும் செருப்பும், நடுவில் கத்தரியால் வெட்டி எடுத்த டீ ஷர்ட் ஒன்றும் இருந்தன. வெளியூரில் நடத்திய பயிற்சி முகாமுக்கென்று கம்பெனி கொடுத்த ஆரஞ்சு நிற டீ ஷர்ட். அதன் முன்பக்கம் முழுக்கப் புல் தேய்ந்த பச்சை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் சட்டையின் முன்பக்கத்தில் புல் எப்படி வந்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இப்போது தோன்றியது.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கில் பாதத்தை வைத்தபடி, அடுத்தவர் செய்யப்போகிற தப்பைச் செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்வதுதான் அவள் பிழைப்பு. அப்பா அந்த முகாமுக்குப் பெட்டி கட்டிய அன்று, மூச்சு வாங்க வாங்க ஜிப்பை இழுத்ததைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பிரேக்கில் காலை அழுத்தவில்லை.

அப்பாவைக் கிடத்தியிருந்தது விடுதியின் முன்கூடத்தில். எதிரே சாலையைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரி. வெளியூரிலிருந்து நோயாளிகளோடு வந்து, உள்ளே தங்க இடமில்லாமல் நடைபாதையில் கிடக்கிறவர்களுக்குப் படுக்கவும் குளிக்கவும் ஏதாவது சமைத்துக்கொள்ளவும்தான் அந்த விடுதி. சித்தப்பா இளவயதில் அந்த ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்தார். அவருக்குத் துணையாகப் போன அப்பா அத்தனை மாதமும் மாடிப்படிக்குக் கீழே படுத்தெழுந்தார். சித்தப்பா பிழைத்து வந்து, கல்யாணம் பண்ணி, தொப்பையும் போட்டுவிட்டார். அப்பாவுக்கு அந்தப் படிக்கட்டு மறக்கவில்லை. பஸ் டிப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இந்தப் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தார். குடும்பத்துக்குப் பின்பக்கத்து இரண்டு அறைகள். மீதியெல்லாம் வருகிறவர்களுக்கு. யாரோ ஒருத்தர் 'வார்டன் ஐயா' என்று கூப்பிடப்போய் அதுவே நிலைத்துவிட்டது.

புதிதாக வருகிறவர்களை அவர் வாசலிலேயே நிறுத்திச் சொல்வார்: "இங்க ரெண்டே சட்டம்தான். யாரையும் ஏன் அழுறீங்கன்னு கேக்கக் கூடாது. குளியலறைக்குள்ள போய் ரொம்ப நேரம் அழக் கூடாது, வெளியில ஆள் நிக்கும்." பையைக்கூட இறக்கிவைக்காதவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்த பிறகுதான் பலருக்கு அழுகையே வரும்.

அவர்கள்தான் காலையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் நேரம் தவறினால் ஆஸ்பத்திரி வாசற்காவலர் உள்ளே விடமாட்டார் என்பதால் யாராலும் நிறைய நேரம் நிற்க முடியவில்லை. கழுத்தில் பாஸ் தொங்க, கையில் மருந்துப் பையோடு வந்தார்கள். ஓர் அம்மா குனிந்து, புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. வைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் தவித்துவிட்டுப் போனாள்.

கம்பெனி இந்த வீட்டுக்குள் வந்தது சில வருஷங்களுக்கு முன்னால். கூரை ஒழுகியது, குளியலறையில் வெந்நீர் போடும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. தெரிந்தவர் சொன்னாரென்று அப்பா ஒரு பெரிய கம்பெனியின் வரவேற்பறையில் போய் உட்கார்ந்தார். மெத்தையும் வெந்நீரும் கேட்டார். நாங்கள் பொருளாக எதுவும் தருவதில்லை, தொண்டு அமைப்புகளைப் பலப்படுத்துவதுதான் எங்கள் திட்டம் என்றார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "என்னப் பலப்படுத்தப் போறாங்களாம். குஸ்தி போடவா போறேன்?"

ஆனால் வாடகையை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இரவில் கதவு திறந்துவிட ஓர் ஆளுக்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அதை மறைக்கிறது நியாயமில்லை என்று அப்பாவே சொல்வார். கூடவே விடுதிக்கு ஒரு சின்னம் வரைந்தார்கள். தொலைநோக்கு என்று இரண்டு வரி எழுதிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஆலோசகர்கள் வரைபடங்களோடு வந்து, டீ குடித்து, அப்பாவின் நேரத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். மாதாமாதம் பயிற்சி. சட்டையில் மைக் மாட்டிக்கொண்டு மேடையில் எப்படி நடப்பது, உதவி செய்கிறவர்கள் மனம் இளகும்படி ஒரு நோயாளியின் கதையை எப்படிச் சொல்வது. அந்தக் கதைப் பயிற்சியில் மட்டும் அப்பா தேறவே இல்லை. அவங்க கதைய நான் எதுக்குச் சொல்லணும், தோணினா அவங்களே சொல்லட்டும் என்று எழுந்து வந்துவிட்டாராம். வெந்நீர் இயந்திரம் கடைசிவரை பழுதாகவே கிடந்தது. பலப்படுத்தும் திட்டத்தில் வெந்நீருக்கு இடமில்லை.

திட்டத்தைக் கவனித்துக்கொண்ட பெண் அதிகாரிக்கு அப்பா 'புன்னகை' என்று பெயர் வைத்திருந்தார். நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் அந்த முகத்தில் சிரிப்பு மாறாது. அந்தப் பெண் கெட்டவள் இல்லை, முகத்தை அப்படி வைத்துக்கொள்ளச் சொல்லி அவளுக்கும் யாராவது பயிற்சி கொடுத்திருப்பார்கள் என்பார்.

வெயில் ஏறுவதற்குள் புன்னகை வந்துவிட்டாள். பின்னாலேயே ஒரு லாரி. வெள்ளைத் துணி உறை போட்ட நாற்காலிகள் இறங்கின. ஒலிபெருக்கி இறங்கியது. வாசலில் பெரிய பதாகை ஒன்றைக் கட்டினார்கள். அதில் அப்பா மைக் மாட்டிக்கொண்டு சங்கடமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைவிடக் கம்பெனியின் சின்னம் பெரிதாக இருந்தது. கீழே, 'நேசித்த பணியிலேயே நிறைவடைந்த வாழ்வு' என்று எழுதியிருந்தது. சித்தப்பா வேர்க்க விறுவிறுக்க ஓடி ஓடி நாற்காலிகளை வரிசைப்படுத்தினார். அண்ணனுக்கு இவ்வளவு மரியாதையா என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

புன்னகை மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள். துணைத்தலைவரே வருகிறார், சில நிமிஷங்கள் பேசுவார் என்றாள். முன்கூடத்தில் தங்கியிருக்கிறவர்கள் காயப்போட்டிருந்த துணிகளை மட்டும் எடுத்துவிட்டால் படத்தில் நன்றாக இருக்கும் என்றாள். அட்டைப்பெட்டியில் ஆரஞ்சு டீ ஷர்ட்டுகள் கொண்டுவந்திருந்தாள். விடுதியில் இருப்பவர்கள் போட்டுக்கொண்டு நின்றால் ஒரே குடும்பமாகத் தெரியுமாம்.

மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா கையில காயம் எப்படி வந்துச்சு?"

புன்னகையின் முகம் மாறவில்லை. "ஸ்ட்ரெச்சர்ல தூக்கி வைக்கும்போது ஏதாவது உரசியிருக்கும்மா." அதற்குள் அவள் போன் அடித்தது. அடித்ததா, அவளே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாளா என்று மகளுக்குத் தெரியவில்லை.

ஆரஞ்சு டீ ஷர்ட்டைச் சிலர் போட்டுக்கொண்டார்கள். மனைவியை அவசரமாக அழைத்துக்கொண்டு உடுத்திய துணியோடு வந்திருந்த ஒரு மெலிந்த மனிதர், புதுத்துணியின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். அவர் மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. கோபம் போய் உட்கார வேறு இடம் தேடியது.

முகாமில் இருந்த மற்ற அமைப்புகளின் தலைவர்கள் சிலரைக் கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஓர் அம்மா நாற்காலியில் உட்காராமல் நேராகப் பின்பக்கம் நடந்து சமையலறைக்குள் வந்து தண்ணீர் கேட்டார். காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். அப்பா வீட்டில் டீச்சர், டீச்சர் என்று அவரைப் பற்றிப் பேசுவதுண்டு. டீச்சர் பேசும்போது வாயோடு கைகளும் சேர்ந்து பேசின. பிள்ளைகளோடு பழகிய பழக்கம்.

"நீங்கதான் கார் கத்துக்குடுக்கற பொண்ணா? அவர் சொல்லாத நாள் கிடையாது."

மகள் தம்ளரை நீட்டியபடி கேட்டாள். "அவர் கையில கயித்துத் தடம் மாதிரி இருக்கு டீச்சர்."

அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை. வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தம்ளரை மேடையில் வைத்துவிட்டு, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

முகாமில் ஒரு விதி இருந்ததாம். தலைமைப் பண்பு வளர வேண்டும் என்பதற்காக 'முடியாது', 'முடியல' என்ற சொற்களுக்குத் தடை. யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அபராதம். தோப்புக்கரணம், ஆட்டம், பாட்டு, எது வேண்டுமானாலும். கழுத்தில் விசில் தொங்கப்போட்டிருந்த பயிற்சியாளர் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தாராம். நேற்று காலையிலேயே அப்பா நெஞ்சு கனமாக இருக்கிறதென்று ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு, உச்சி வெயிலில், புல்தரையில் கயிறு இழுக்கும் போட்டி. இந்தப் பக்கம் தொண்டு அமைப்புகள், அந்தப் பக்கம் கம்பெனி அதிகாரிகள். அப்பா ஒதுங்கிப்போய், தம்பி எனக்கு முடியல, நான் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். பயிற்சியாளர் விசிலை ஊதிவிட்டார். அபராதம் என்று கைதட்டினார்கள். கயிற்றின் முன்வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்பது தண்டனை.

"அப்ப முடியும்னு சொல்லிட்டு உக்காந்துக்கலாமான்னு கேட்டார். அவர் எப்பவும் அப்படித்தானே பேசுவார்."

மகளுக்கு அந்தக் குரல் அப்படியே கேட்டது.

"இழுக்க ஆரம்பிச்சதும் குப்புற விழுந்துட்டார். ஆனா கயிற விடல. அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டே இருந்தாங்க. புல்லு மேல கொஞ்ச தூரம் அவரையும் சேத்து..." டீச்சரின் கைகள் காற்றில் எதையோ இழுத்துப் பாதியில் நின்றன. "விழுந்ததுக்கப்புறம் கொஞ்ச நேரம்..."

குழாயை இறுக மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

போகும்போது மகளின் கையைப் பிடித்தார். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள் என்றார். பள்ளிக்கூடத்து ஆசிரியைகளுக்குச் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறதாம். மகள் தலையாட்டினாள். அந்தப் பயம் தனக்குப் புரிகிறதே என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அம்மா பின்னறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழுது முடித்திருந்தாள். மகள் கதவைச் சாத்திவிட்டுக் கயிற்றைப் பற்றிச் சொன்னாள். மரத்தடி, ஓய்வு எல்லாம் பொய் என்றாள். அந்த ஒரு சொல்லையும் அபராதத்தையும் மட்டும் நாக்கு சொல்ல மறுத்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளிடம் அதை எப்படிச் சொல்வது?

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அவள் கேட்டது மகளுக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

"வாடகை ஒப்பந்தம் எப்ப முடியுது?"

"என்னம்மா கேக்கற?"

"உள்ள இத்தன பேர் படுத்திருக்காங்க. நாளைக்கு அவங்கள எங்க போகச் சொல்லுவ?"

"அதுக்காக வாய மூடிக்கிட்டு இருக்கணுமா?"

"அவருக்கு மட்டும் அந்தக் கூத்தெல்லாம் பிடிச்சிருந்ததா? இவங்களுக்காகத்தான் போனார். மைக்க மாட்டிக்கிட்டுக் கோமாளி மாதிரி நின்னதும் இவங்களுக்காகத்தான். நீ பேசி அதையும் இல்லாம பண்ணிடாத."

மகள் வெளியே வந்தாள். பேசினால் அழுதுவிடுவாள். அழுதால் கோபம் கரைந்துவிடும். அது கரைவதை அவள் விரும்பவில்லை.

துணைத்தலைவர் கறுப்புக் காரில் வந்தார். நரைத்த தலை, பணிவான நடை. மலர்வளையத்தை வைத்துவிட்டு உண்மையாகவே தலைகுனிந்து நின்றார். கேமராக்காரர் வலமும் இடமும் நகர்ந்து படமெடுத்தார். புன்னகை மைக்கைக் கொடுத்தாள். வெள்ளை நாற்காலிகள் நிரம்பியிருந்தன. விடுதிக்காரர்கள் ஓரங்களில் நின்றார்கள்.

அவர் நன்றாகத்தான் பேசினார். எதிரே ஆஸ்பத்திரி இருப்பதால் ஒலியைக் குறைக்கச் சொன்னார். வார்டன் ஐயா எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்றார். நேற்று மதியம், மரநிழலில் ஓய்வாக அமர்ந்திருந்த வேளையில், வலியில்லாமல், அமைதியாக விடைபெற்றார் என்றார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அம்மாவுக்காக, உள்ளே படுத்திருப்பவர்களுக்காக, டீச்சரின் பள்ளிக்கூடத்துக்காக என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் விழுங்கினாள்.

"ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன்," என்றார் அவர். "முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை."

அவள் எழுந்தது அவளுக்கே தெரியாது.

"கேட்டிருக்கீங்க சார்."

குரல் உயரவில்லை. ஒலிபெருக்கி ஓய்ந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"நேத்து உங்க முகாம்ல எனக்கு முடியலன்னு சொன்னார். அந்த வார்த்தைய சொன்னா அபராதம்னு சொல்லி, கயிறு இழுக்க முன்வரிசையில நிறுத்தியிருக்கீங்க." அவள் குனிந்து அப்பாவின் கையைத் திருப்பினாள். காலையில் விரித்துவிட்ட விரல்கள் மடங்காமல் இருந்தன. "மரத்தடியில ஓய்வா இருந்தவர் கை இப்படியா இருக்கும்?"

கேமராக்காரர் கேமராவை இறக்கிக்கொண்டார். துணைத்தலைவர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு புன்னகையைப் பார்த்தார். அவரிடமும் மரத்தடிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஆனால் தெரியாமல் இருப்பது அவருக்கு வசதியாகவும் இருந்தது. இதை நாம் உட்கார்ந்து பேசுவோம், இது அதற்கான நேரமில்லை என்றார். சித்தப்பா வந்து மகளின் தோளைப் பிடித்து, பெரிய மனிதர்கள் முன்னால் என்ன இது என்று காதோரம் கெஞ்சினார்.

"யார் உங்ககிட்ட இப்படிச் சொன்னது?" புன்னகை கேட்டாள்.

மகள் வாயைத் திறந்து மூடினாள். டீச்சர் இரண்டாவது வரிசையில் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

அந்த மௌனத்தைப் புன்னகை எடுத்துக்கொண்டாள். மைக்கை வாங்கி, தகப்பனை இழந்த துக்கத்தில் இருக்கிறார், எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று மிருதுவாகச் சொன்னாள். நாற்காலிகளில் சிலர் தலையசைத்தார்கள். மகளின் வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் எதுவும் இல்லை.

"என்ன சொன்னார்னு சொன்ன?"

அம்மா. பின்பக்கக் கதவருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. மகள் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னாள்.

"முடியலன்னு சொன்னாராம்மா."

அம்மா மெல்ல நடந்து வந்து அப்பாவின் தலைமாட்டில் நின்றாள். துணைத்தலைவரைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் அவரிடம் பேசுகிற மாதிரி இல்லை.

"என்கிட்டகூடச் சொன்னதில்ல சார். காய்ச்சல்ல கெடந்தப்பகூட ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொல்வார். அப்படிப்பட்ட மனுஷன் வெளி ஆளுங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லியிருக்காருன்னா..."

வேனில் வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "யாராவது இருந்தீங்களா? சொன்னாரா?"

ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். ஒருவர் பதாகையைப் படித்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஏதோ வண்டி பின்னால் போகும் சத்தம் கேட்டது.

டீச்சர் எழுந்தார்.

"சொன்னார்மா. ரெண்டு தடவ சொன்னார். மொதல்ல எல்லாருக்கும் கேக்கற மாதிரி. அப்புறம் கயிறப் பிடிச்சுக்கிட்டு, நெஜமாவே முடியல தம்பின்னு மெதுவா. நான் அவருக்குப் பின்னாலதான் நின்னேன்." கைகள் அவர் அறியாமலே எழுந்து ஒவ்வொரு சொல்லையும் காற்றில் காட்டின. "விழுந்தப்ப நாங்க சிரிச்சோம். வேணும்னே நடிக்கிறார்னு நெனச்சோம். எழுந்திருங்க சார், எழுந்திருங்க சார்னு விசில் ஊதிக்கிட்டே இருந்தாங்க. அவரத் திருப்பிப் பாக்கற வரைக்கும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்."

அவர் உட்காரவில்லை. உட்காரத் தெரியாதவர் போல நின்றார்.

துணைத்தலைவர் ஏதோ சொல்ல மூச்சை இழுத்தார். மைக் அருகில் இருந்ததால் அந்த மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. அம்மா குனிந்து மலர்வளையத்தை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க சார்."

அவர் வாங்கிக்கொண்டார். அந்த வளையத்தோடு அவர் கார் வரை நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஓட்டுநர் அதை வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்தார். வேனில் வந்தவர்களில் சிலர் எழுந்து போய் ஏறிக்கொண்டார்கள், சிலர் ஏறவில்லை. ஆரஞ்சு டீ ஷர்ட் போட்டிருந்த மெலிந்த மனிதர் அதைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, காலியான ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வெற்றுடம்போடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சித்தப்பா வாசலுக்குப் போய்ப் பதாகையின் கயிற்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நகத்தால் முடியாமல் பல்லால் கடித்தார்.

புன்னகை கடைசியாகக் கிளம்பினாள். வாசலில் மகளைப் பார்த்ததும் நின்றாள்.

"அடுத்த வருஷம் இந்த வீடு என்னாகும்னு யோசிச்சீங்களா? நான் உங்களுக்காகத்தான்..."

"அவர் விழுந்தப்ப நீங்க எங்க நின்னீங்க?"

புன்னகை கையிலிருந்த போனைப் பார்த்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. இவ்வளவு அருகில் பார்க்கும்போதுதான் அது சிரிப்பில்லை, வாயின் அமைப்பே அதுதான் என்று மகளுக்குத் தெரிந்தது. மேலே கண்கள் இரண்டும் வேறு யாருடையவோ போல இருந்தன.

"வீடியோ எடுத்துக்கிட்டிருந்தேன்."

"இருக்கா?"

"அழிச்சிடுங்கன்னு சொன்னாங்க." போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் அழிக்கல."

"அழிக்காதீங்க."

புன்னகை சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. காருக்குப் போகாமல் சாலையோரமாக நடந்தாள். கார் அவளைத் தாண்டிப் போய்த் திருப்பத்தில் அவளுக்காகக் காத்திருந்தது.

அப்பாவை எடுத்துப்போக இன்னும் நேரம் இருந்தது. உள்ளூர் ஆட்கள், பழைய டிப்போ நண்பர்கள், முன்பு இங்கே தங்கிப் போன சிலர் என்று கூட்டம் இப்போதுதான் வர ஆரம்பித்தது. அப்போது லாரி திரும்பி வந்தது. இறங்கிய இரண்டு ஆட்களும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்கள். மூத்தவன் மகளிடம் வந்து, சாயங்காலம் வரைக்கும்னுதான் சொல்லியிருந்தாங்க, இப்ப போன் பண்ணி உடனே எடுத்துட்டு வரச் சொல்றாங்க, நாங்க என்ன பண்றது என்று தரையைப் பார்த்தபடி சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனி. எடுத்துக்கோங்க என்றாள்.

விஷயம் கேள்விப்பட்டதும் முதலில் எழுந்தவர் டிப்போ நண்பர் ஒருவர். நடக்கக் கைத்தடி வேண்டியவர். தன் நாற்காலியை அவரே லாரிப்பக்கம் தள்ளிவிட்டு, தடியை ஊன்றி ஊன்றி மெல்லத் தரையில் உட்கார்ந்தார். பிறகு மற்றவர்களும். எழுந்தவர்கள் நாற்காலிகளைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. டீச்சர் கூடத்து வாசலில் நிலையோடு ஒட்டி நின்றிருந்தார். அம்மா அவரைப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அவர் வந்து உட்கார்ந்தார்.

லாரியில் அடுக்கி முடித்தாயிற்று. இளையவன் கடைசி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறப்போனவன் நின்றான். நாற்காலியைச் சுவரோரம் வைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களுக்கு நடுவே வழி தேடித் தேடி உள்ளே போனான்.

லாரியின் பின்கதவு திறந்தே கிடந்தது.